தீவாந்தரம் என்றொரு தண்டனை

வ.உ.சி.க்கு 1908-இல் விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருடைய பிறந்தநாளை ஒட்டி வரும் கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பின் காலத்துத் தமிழர்கள் வாயில் இருந்த சொல் வேறு. தீவாந்தரம். எழுத்தில் தீவாந்தர தண்டனை, தீவாந்தர சிட்சை, பேச்சில் தீவாந்திரம்.

என் தலைமுறைக்கு இந்தச் சொல் அநேகமாகப் போய்விட்டது. பழைய நூல்களில் எதிர்ப்பட்டால் ‘ஆயுள் தண்டனைக்குப் பழைய பெயர்போல’ என்று தாண்டிவிடுகிறோம். அது சரியில்லை என்பதுதான் என் எண்ணம். இரண்டும் ஒன்றில்லை. தீவாந்தரம் என்பதை எடுத்துவிட்டு ஆயுள் தண்டனை என்று எழுதினால் அந்தத் தண்டனையில் பாதி காணாமல் போகிறது. ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம், 14-ஆ, 20-ஆ, சாகும் வரையா என்று இன்றும் ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தின் வேரும் இந்தச் சொல்லின் கதைக்குள்தான் இருக்கிறது.

சொல்லைப் பிரிப்பது சுலபம். வடமொழியில் துவீபம் என்றால் தீவு. நாவலந்தீவு என்று நாம் சொல்லும் தீவும் அதிலிருந்து வந்ததே. அந்தரம் என்றதும் நமக்கு ‘அந்தரத்தில் தொங்குவது’ ஞாபகம் வரும். இங்கே அந்தப் பொருள் இல்லை. இந்த மாதிரிக் கூட்டுச்சொற்களின் கடைசியில் வரும் அந்தரம் ‘வேறு’ என்று பொருள்படும். தேசாந்தரம் என்றால் வேறு தேசம், அப்படி ஊர் ஊராக அலைபவன் தேசாந்தரி. ஜன்மாந்தரம் வேறு பிறவி. தீவாந்தரம் வேறு தீவு. அவ்வளவுதான். குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை, விலங்கும் இல்லை.

சொல்லப்போனால் இது ஒரு காலத்தில் மணக்கும் சொல்லாகவே இருந்தது. காளிதாசனின் ரகுவம்சத்தில் இந்துமதியின் சுயம்வரம் வருகிறது. கலிங்க அரசனைக் காட்டி அவளிடம் சொல்கிறார்கள்: பனங்காடு சலசலக்கும் கடற்கரையில் இவனோடு உலாவு, தீவாந்தரங்களிலிருந்து இலவங்கப் பூவைக் கொண்டுவரும் காற்று உன் வியர்வையைப் போக்கும். இலவங்கம், அதாவது கிராம்பு, அந்தக் காலத்தில் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில். ஆகவே காளிதாசன் சொல்லும் ‘வேறு தீவுகள்’ ஏதோ கற்பனை இடங்கள் இல்லை. வங்கக் கடலுக்கு அப்பால் இருக்கிற சுமத்ரா, சாவகம் என்கிற ஜாவா, அதற்கும் கிழக்கே உள்ள தீவுக்கூட்டம். அந்த மண்ணிலேயே இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. சாவக மொழியில் நுசா என்றால் தீவு; அதோடு அதே அந்தரத்தைச் சேர்த்து நுசந்தாரா. மஜபாஹித் அரசின் காலத்தில் தலைநகருக்கு வெளியே உள்ள தீவுகளைக் குறித்த சொல் அது. பிறகு தீவுக்கூட்டம் முழுவதற்குமே பெயரானது. இந்தோனேசியா இப்போது போர்னியோவில் கட்டிவரும் புதிய தலைநகருக்கும் நுசந்தாரா என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி கட்டப்பட்ட இரண்டு சொற்கள். அங்கே ஒன்று தலைநகராயிற்று; இங்கே ஒன்று தண்டனையாயிற்று.

அதைத் தண்டனையாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி.

தீவாந்தரம் என்றால் நாம் இன்று அந்தமானைத்தான் நினைக்கிறோம். அந்தமான் இதில் பின்னால் வந்தது. 1789-இல் அங்கே கம்பெனி ஒரு குடியேற்றத்தைத் தொடங்கி, நோய் தாங்காமல் 1796-இல் கைவிட்டது. இந்தியக் கைதிகள் அதற்கு முன்பே, 1787 முதல், சுமத்ராவின் மேற்குக் கரையில் கம்பெனியின் மிளகுச் சாவடியாக இருந்த பென்கூலனுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து பினாங்கு. அதற்கும் பின்னால் மலாக்கா, சிங்கப்பூர். காட்டை வெட்ட, சாலை போட, சதுப்பை நிரப்ப ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத இடங்கள். இந்தியச் சிறைகளிலோ ஆள் இருந்தார்கள். தண்டனை என்ற பெயரில் நடந்ததில் பெரும்பகுதி ஆள் சப்ளைதான். எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இந்தப் பென்கூலனும் பினாங்கும் காளிதாசனின் தீவாந்தரம் இருந்த அதே திசையில், அதே கடலில் இருக்கின்றன. அதனால் ‘கடல் கடத்தி அனுப்புதல்’ என்ற வெள்ளைக்காரச் சட்டப் பெயருக்கு இந்தப் பழைய சொல் இடத்தளவில்கூட அச்சாகப் பொருந்தியது.

தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் போனவர்களில் பெயர் தெரிந்த முதல் கூட்டம் பாளையக்காரர் போரின் தோல்வியில் அகப்பட்டவர்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். எஞ்சியவர்களில் 70-க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயதுபோல.

இந்தத் துரைசாமியைப் பற்றி ஒரு சாட்சியம் இருக்கிறது. சொன்னவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முன்னால் சின்ன மருதுவோடு பழகியவர், ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடம் கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவின் மேல் படையெடுத்துப் போனவர்களிலும் அவர் இருந்தார். 1830-இல் அச்சான தன் நினைவுக் குறிப்புகளில், 1818-இல் பினாங்கு போயிருந்தபோது நடந்ததை எழுதியிருக்கிறார். உடைந்துபோன கிழவன்போல ஒருவன் வந்து நிற்கிறான். யாரென்று அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது, துரைசாமி என்று. அந்தக் ‘கிழவனுக்கு’ அப்போது முப்பது வயதைச் சற்றே தாண்டியிருக்கும். தீவாந்தரம் என்ற சொல்லின் பொருள் கேட்பவர்களுக்கு அகராதியை விட இந்த ஒரு சந்திப்பைத்தான் நான் காட்டுவேன்.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்துவது அந்தக் காலக் கம்பெனிச் சட்டம். எங்கே தப்பி ஓடினாலும் நெற்றி காட்டிக்கொடுக்கும். கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் 1849-இல்தான் இதை நிறுத்தினார்கள்.

சரி, ஏன் கடல்? ஊரிலேயே சிறையில் போடுவதைவிடக் கப்பல், சாப்பாடு, காவல் என்று செலவுதானே? வேலையாள் தேவை ஒரு காரணம் என்று சொன்னேன். மற்றொன்று, இந்தியர்கள் கடலைக் கண்டு நடுங்குவார்கள், கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று பயப்படுவார்கள் என்ற நம்பிக்கை. தண்டனைச் சட்ட வரைவை 1837-இல் கொடுத்த மெக்காலேயின் குழு இதை ஒளிக்காமலே எழுதியது. இந்தத் தண்டனையை வைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம், இந்திய மக்கள், அதிலும் கடலுக்குத் தூரத்தில் வாழ்பவர்கள், இதை நினைத்துத் தனியாக அஞ்சுகிறார்கள் என்பதே என்றது அந்தக் குழு. தரும் வேதனையோடு ஒப்பிட்டால் இவ்வளவு பயத்தை உண்டாக்கும் தண்டனை வேறு இல்லை என்றும் சொன்னது. மனிதர்களின் பயத்தை இப்படிக் கணக்குப் போட்டு அளந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வருகிறது.

‘கடலுக்குத் தூரத்தில் வாழ்பவர்கள்’ என்ற அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடக்கே இந்தத் தண்டனைக்கு வழங்கிய பெயர் காலாபானி, கறுப்புத் தண்ணீர். அந்தப் பெயரில் கடலே தண்டனை. தமிழில் வழங்கிய பெயரில் கடல் இல்லை. போய்ச் சேரும் இடம் இருக்கிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் திரைகடலோடியும் திரவியம் தேடச் சொன்ன மொழியில், நாகப்பட்டினத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பினாங்குக்கு வியாபாரத்துக்குப் போய்வந்த மக்களிடம், தண்ணீர்தான் பயமுறுத்தியது என்று என்னால் நம்ப முடியவில்லை. கைதிகளை இறக்கிய அதே ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது; சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே அழைத்த பெயர். பக்கத்திலேயே அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ஒரே ஊருக்கு, ஒரே கடல் வழியாக, ஒருவர் சம்பாதிக்கப் போனார், ஒருவர் தண்டனைக்குப் போனார். முதலாமவர் திரும்பி வரலாம். இரண்டாமவர் வர முடியாது. தீவாந்தரத்தின் வலி அந்த ‘வேறு’ என்ற பகுதியில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இனி உன் மண் வேறு, உன் ஊரார் வேறு. செத்தால் சேதி வருமா என்பதுகூட நிச்சயமில்லை.

சிங்கப்பூரில் இவர்கள் விட்டுச்சென்றது நிறைய. 1824 உடன்படிக்கையில் பென்கூலன் டச்சுக்காரர்கள் கைக்குப் போனதும் அங்கிருந்த கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரல் 18-இல் வந்திறங்கிய முதல் தொகுதி சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். ஒரு வாரம் கழித்து வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்ததே. அந்தத் தேவாலயத்தின் உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பதமாக்கி, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மெக்நேர் என்ற அதிகாரி இந்தச் செய்முறையை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொத்தனார் கைவேலையும் கைதியோடு கப்பலேறிப் போயிருக்கிறது. நல்ல நடத்தையோடு பல ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு வெளியே தங்கிப் பிழைத்துக்கொள்ள ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். ஊர் திரும்புவதற்கு அந்தச் சீட்டு செல்லாது.

சிங்கப்பூரின் கைதிக் குடியேற்றம் 1873-இல் மூடப்பட்டது. அதற்குள் 1857 கிளர்ச்சி வந்து, 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு போர்ட் பிளேர் தொடங்கிவிட்டது. அங்கிருந்து தீவாந்தரம் என்றாலே அந்தமான்தான்.

இதற்கிடையில் சொல் சட்டப்புத்தகத்துக்குள் ஏறியது. மெக்காலேயின் வரைவு பல கை மாறி 1860-இல் இந்திய தண்டனைச் சட்டமானது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறை. 53-ஆம் பிரிவில் தண்டனைகளின் வரிசை: மரணம், அடுத்தது தீவாந்தரம், அப்புறம்தான் சிறை. 56-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படை. தீவாந்தரத்துக்குரிய குற்றத்தை ஐரோப்பியரோ அமெரிக்கரோ செய்தால் அவர்களுக்குத் தீவாந்தரம் கிடையாது. அதற்குப் பதில் வேறு வகைக் கடும் உழைப்புத் தண்டனை. ஆக, தீவாந்தரம் இந்தியருக்கென்றே வைத்த தண்டனை. அந்தப் பிரிவு சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-இல்தான் நீங்கியது.

நமக்கு வேண்டிய எண்கள் வேறு இரண்டு பிரிவுகளில் இருக்கின்றன. 55-ஆம் பிரிவு, ஆயுள் தீவாந்தரத்தை அரசு 14 ஆண்டுக்கு மேற்படாத சிறையாக மாற்றலாம் என்றது. 57-ஆம் பிரிவு ஒரு கணக்கு விதி. ஒரு குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவனுக்கு ‘முழுத் தண்டனையில் பாதி’ அல்லது ‘கால் பாகம்’ என்று சட்டம் சில இடங்களில் சொல்கிறது. ஆயுளில் பாதி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதனால் பின்னம் போடும்போது மட்டும் ஆயுள் தீவாந்தரத்தை 20 ஆண்டாக வைத்துக்கொள் என்றது அந்தப் பிரிவு. பின்னம் போட மட்டும். ஆயுள் என்றால் 20 ஆண்டு என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஆனால் ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. வ.உ.சி.க்கு 1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை, ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள் தீவாந்தரம், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று, ஒன்று முடிந்தபின் மற்றொன்று. அதை 40 ஆண்டு என்று சொல்லும் வழக்கம் இந்த 20-ஐ இரட்டித்து வந்ததுதான். அவருக்கு வயது அப்போது 35. நாற்பது ஆண்டு என்றால் மனம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும், முடிகிற தேதி என்று ஒன்றைத் தேடும். இரட்டைத் தீவாந்தரம் என்றால் அந்தத் தேதியே கிடையாது. அட்மிரல் நெல்சன் புறப்பட்ட அதே தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி நடத்தியவரை, மறுபடி கப்பலேற்றி ஒரேயடியாக அகற்றிவிடத்தான் அந்தத் தீர்ப்பு நினைத்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அந்தமானுக்கு அவர் போகவில்லை. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

போகாமல் தப்பியவர் கதை நமக்குத் தெரியும். போனவர்களின் தடம் அந்தமான் வரைபடத்திலேயே இருக்கிறது. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார், அதாவது மலபார் முஸ்லிம்கள், அங்கே நிலம் திருத்திக் குடியேறினார்கள், குடும்பங்களும் போய்ச் சேர்ந்தன. தெற்கு அந்தமானில் இன்றைக்கும் காலிகட், வண்டூர், மஞ்சேரி என்று ஊர்கள் உண்டு. வேறு தீவில் இறக்கிவிட்டார்கள், இவர்கள் அந்தத் தீவுக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள்.

விந்தை என்னவென்றால் அந்த மாப்பிள்ளைமார் போன காலத்திலேயே தீவாந்தரத்தை நிறுத்தும் பேச்சு முடிவாகியிருந்தது. 1919-20-இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் ஆராய்ந்த சிறைக் குழு, அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புவதை விட வேண்டும் என்று சொல்லிவிட்டது. பிறகும் வேண்டியபோது அனுப்பினார்கள். 1932 முதல் அரசியல் கைதிகளை அந்தமானின் செல்லுலார் சிறைக்கு மறுபடி கொண்டுபோனார்கள். உண்ணாவிரதங்களுக்கும் சாவுகளுக்கும் பிறகு 1938-இல் திருப்பி அழைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-இல் கைதிக் குடியேற்றமே முடிந்தது. ஆனால் சட்டத்தில் சொல் அப்படியே இருந்தது. நீதிபதிகள் தீவாந்தரம் என்று எழுதினார்கள், கைதி வேலூருக்கோ கோயம்புத்தூருக்கோ போனான். தீவாந்தரம் விதிக்கப்பட்டவரைக் கடல் கடத்தியே ஆக வேண்டியதில்லை, இந்தியச் சிறையிலேயே வைக்கலாம் என்று அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் கிஷோரி லால் வழக்கில் 1944-இல் சொல்லியும்விட்டது. தீவு போய்விட்டது, அதன் பெயரில் தண்டனை மட்டும் நடந்தது.

கடைசியில் 1955-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் வந்து, 1956 ஜனவரி 1 முதல் ‘ஆயுள் தீவாந்தரம்’ என்று இருந்த இடங்களிலெல்லாம் ‘ஆயுள் சிறை’ என்று மாற்றியது. புதிய தண்டனை எதையும் யாரும் யோசித்து உருவாக்கவில்லை. பழைய வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்தார்கள். அதனால் 14-ம் 20-ம் தம் பழைய பிரிவுகளிலேயே தங்கிவிட்டன.

இதன் விளைவு சீக்கிரமே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காந்தி கொலை வழக்கில் 1949-இல் ஆயுள் தீவாந்தரம் விதிக்கப்பட்ட கோபால் கோட்சே, ஆயுள் என்றால் 20 ஆண்டு, நன்னடத்தைக் கழிவுகளைச் சேர்த்தால் என் காலம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்று மனுப் போட்டார். 1961 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும். 20 என்பது பின்னக் கணக்குக்கு மட்டும். அரசு தன் அதிகாரத்தால் குறைத்தாலொழியத் தானாக முடியாது. அந்தத் தீர்ப்பைத்தான் பின்னர் வந்த அரசியல் சாசன அமர்வுகளும் பின்பற்றின. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளை ஒட்டி எழுந்த 2015 தீர்ப்பு உட்பட. 14-க்கும் பின்னால் ஒரு துணை வந்தது: 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433-ஏ பிரிவு, மரண தண்டனைக்கும் உரிய குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு சிறையில் கழியும் முன் விடக்கூடாது என்றது. விடக்கூடாத காலத்தை விட்டுவிடும் காலமாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். சினிமாவில் பதினான்கு வருஷம் கழித்துச் சிறைக்கதவு திறக்கிறதே, அது இப்படி வந்ததுதான்.

இந்தக் குழப்பத்தில் அடிபடுவது வக்கீல்களோ நீதிபதிகளோ இல்லை. மகன் உள்ளே போய்ப் பதினான்கு வருஷம் முடிந்ததும் வந்துவிடுவான் என்று சுவரில் கோடு போட்டுக் காத்திருக்கும் அம்மாக்கள். தீர்ப்பு நாளன்றே அவர்களுக்குத் தமிழில் யாராவது விளக்கிச் சொன்னால் என்ன? இதற்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டாம்.

இப்போது தண்டனைச் சட்டமே போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. பெயரிலிருந்து தண்டனை என்பதை எடுத்துவிட்டோம், காலனிச் சுவடுகளைக் களைந்துவிட்டோம் என்றார்கள். புதிய சட்டம் தண்டனை வரிசையில் சமூக சேவையைச் சேர்த்திருக்கிறது, அது நல்ல காரியம். ஆனால் அதன் 6-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். பின்னக் கணக்குக்கு ஆயுள் சிறையை 20 ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்று, பழைய 57-ஆம் பிரிவின் கணக்கு அப்படியே அங்கே இருக்கிறது.